கரண்டு வண்டியில் வந்த காற்று

ஒத்தைவேம்பு என்கிற எங்கள் ஊருக்குக் காற்று ஆட்டோவில்தான் வந்தது. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் ஊரில் காற்று இனாமாக வீசுகிறது, அவர்களுக்கு என்ன தெரியும். எங்கள் ஊர் கரிசல் காட்டுக்கு நடுவில், சுற்றுவட்டாரத்தில் ஒரு மேடு மடு இல்லாமல், வெயில் காயப்போட்ட மாதிரி கிடக்கிற ஊர். சித்திரை வைகாசியில் எங்கள் வேப்பமரத்தில் ஓர் இலை அசைந்தது என்றால் யாரோ கல் எறிந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். எங்களுக்கென்று ஒரு காற்று ஒழுங்காக வந்தது ஒரு கார்த்திகை மாதத்தில், புயலாக. அதுவும் வந்த வேகத்தில் மின்கோபுரங்களை எல்லாம் பருத்திக்காட்டில் படுக்கப் போட்டுவிட்டுப் போய்விட்டது.

சாய்ந்த கோபுரங்கள் ஆடு கட்ட வசதியாக இருந்தன. கம்பி வரும் வரும் என்றார்கள், கம்பி வருகிறபோது வரட்டும், ரோடு இருக்கிறதல்லவா, ரோட்டு வழியாகவே கரண்டை அனுப்பலாம் என்று மேலிடத்தில் ஏதோ ஒரு புண்ணியவான் யோசித்து, மேற்கே மலைக்கணவாய்க்குக் கீழே காற்றாடிகள் ஓயாமல் சுற்றுகிற கணவாய்ப்புதூரில் பேட்டரி ஆட்டோக்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் வயிறு முட்டக் கரண்டை ஏற்றி, பால்காரர் பால் ஊற்றுவதுபோல ஊர் ஊராக, தெருத் தெருவாக, வீட்டுக்கு வீடு ஊற்றிவிட்டுப் போக ஏற்பாடு செய்தார்கள். வீட்டு வாசலில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். சாயங்காலம் வண்டி வந்து நின்று வயரை அதில் சொருகினால் உள்ளே இருக்கிற பேட்டரி நிறையும், அப்புறம் மறுநாள் வரைக்கும் கவலை கிடையாது.

முதல் நாள் சாயங்காலம் எங்கள் தெருவில் சுவிட்சைப் போட்டபோது வெளிச்சத்தோடு காற்றும் வந்தது. பல்பிலிருந்து, டியூப் லைட்டிலிருந்து, டிவிப் பெட்டியின் ஓரத்தில் எரிகிற சின்னச் சிவப்புப் பொட்டிலிருந்துகூட, குளிர்ந்த, கொஞ்சம் ஈரமான, மலை வாசனை அடிக்கிற காற்று. யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. காற்றாடியில் எடுத்த கரண்டிலிருந்து காற்று வராமல் பின்னே கடலை எண்ணெயா வரும் என்று டீக்கடைக்காரர் கேட்டார், எல்லோருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

வாரம் திரும்புவதற்குள் நாங்கள் அந்தக் காற்றோடு பழகிவிட்டோம். உளுந்து அடித்தவர்கள் களத்தில் காற்றுக்காகக் காத்துக் கிடக்காமல் வீட்டுக்குள் கொண்டுவந்து டியூப் லைட்டுக்கு அடியில் நின்று தூற்றினார்கள், பொட்டும் தூசியும் பறந்து ஜன்னல் வழியாக வெளியே போயின. டீக்கடைக்காரர் கையை உயர்த்தி டீ ஆற்றுவதை விட்டுவிட்டு கிளாஸைப் பல்புக்கு நேரே ஒரு நிமிஷம் பிடித்துக் கொடுத்தார். கோயிலில் அகல் விளக்கு அணைந்துபோகிறது என்று பூசாரி முதலில் சடைத்துக்கொண்டார், பிறகு சாமிக்கும் வியர்க்கத்தானே செய்யும் என்று லைட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். ஆனியிலும் ஆடியிலும் பல்பைப் போட்டால் சாரல் தெறித்தது, பாடப்புத்தகங்கள் நனைந்துபோகும் என்று பிள்ளைகள் சந்தோஷமாகப் படிக்காமல் இருந்தார்கள். இப்படியாக, கரண்டு எரிந்த வீடுகளில் எல்லாம் காற்று இருந்தது, காற்று இருந்த வீடுகளில் எல்லாம் நல்ல தூக்கம் இருந்தது, தூக்கத்தில் எல்லோருக்கும் பார்க்காத ஒரு மலை வந்தது.

ஒரு வீட்டைத் தவிர. அது செண்பகவல்லியின் வீடு.

செண்பகவல்லி எங்கள் ஊருக்கு வாழ வந்தவள். பிறந்த ஊர் எது என்று கேட்டால் அதே கணவாய்ப்புதூர்தான். எங்கள் தெருவுக்குக் கரண்டு கொண்டுவருகிற உச்சிமாகாளி யார் என்று கேட்டால் அவளுடைய ஒரே தம்பி. அப்படியிருந்தும் அவள் தன் வாசல் பெட்டியை ஒரு கொட்டாங்கச்சியால் மூடி, சணல் போட்டு இறுக்கிக் கட்டி வைத்திருந்தாள். அவன் வயரோடு வந்து அந்தக் கொட்டாங்கச்சியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவான். அக்காளும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். அவள் மகள் மாரிச்செல்வி பெரியவளானபோது சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் வந்து, சீர் இறக்கி, மாலை போட்டால்தான் சடங்கு. உச்சிமாகாளி அப்போதுதான் இந்தப் பேட்டரி ஆட்டோவை வாங்கியிருந்தான். பஸ்ஸில் வா என்று அக்காள் சொல்லியனுப்பியும், புது வண்டியில் சீர்த்தட்டுகளை அடுக்கிக்கொண்டு பவுசாக வந்து இறங்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. பாதி வழியில், ஒரு வீடுகூடக் கண்ணில் படாத பொட்டல் ரோட்டில், சார்ஜ் தீர்ந்துபோய் வண்டி நின்றுவிட்டது. இங்கே பெண்ணை மனையில் உட்காரவைத்துவிட்டு எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். நேரம் போய்க்கொண்டிருந்தது, அவள் புருஷன் வீட்டு வகையறா முணுமுணுத்தது, கடைசியில் செண்பகவல்லியே எழுந்து தன் சித்தி மகனைக் கூப்பிட்டு மாலையைப் போடச் சொன்னாள். மறுநாள் காலையில் உச்சிமாகாளி வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தான். பழம் எல்லாம் கனிந்து கறுத்திருந்தது, கால் வீங்கியிருந்தது. அவள் வாசலுக்கு வந்து, ஒரு தட்டைக்கூட இறக்கவிடாமல், வந்த வழியே கொண்டுபோ என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அவன் அந்தச் சீரோடு வண்டியைத் திரும்பவும் தள்ளிக்கொண்டு போனதை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம், ஒருவரும் போய் ஒரு கை கொடுக்கவில்லை, அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அதனால் அவள் வீட்டில் தம்பியின் கரண்டு கிடையாது. கூரைமேல் ஒரு சோலார் தட்டை வைத்து, அதில் ஒரே ஒரு பல்பை எரியவிட்டாள். அது எங்கள் கரிசல் வெயிலில் ஊறிய கரண்டு, அந்தப் பல்பைப் போட்டால் எந்த நேரமானாலும் வீட்டுக்குள் உச்சி மத்தியானம் வந்துவிடும். மிளகாய் வற்றல் நன்றாகக் காய்ந்தது, மனுஷர்களும் காய்ந்தார்கள். அவள் புருஷன் வெள்ளைப்பாண்டி, வாயில்லாப் பூச்சி, ஆட்டைத் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பக்கத்துத் தெருவில் யார் வீட்டு டியூப் லைட்டுக்கு அடியிலாவது படுத்துக்கொள்வார். மாரிச்செல்வி தலையைக் காயவைக்கப் போகிறேன் என்று எதிர்வீட்டுக்குப் போவாள்.

செண்பகவல்லி எங்கேயும் போகமாட்டாள். ஆனால் தினமும் சாயங்காலம் அரிசி புடைத்த முறத்தோடு தன் வாசற்படியில் வந்து உட்காருவாள், எதிர்வீட்டுப் பல்புக்கு நேர் எதிராக. அந்த வீட்டு ராமலக்குமி, கொசு வந்தாலும் பரவாயில்லை என்று அந்த நேரத்தில் கதவை விரியத் திறந்து வைத்திருப்பாள். தெருவைத் தாண்டி அந்தக் காற்று வந்து செண்பகவல்லியின் நெற்றி முடியைக் கலைக்கும். அவள் கல் பொறுக்குவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். அது அவள் பிறந்த வீட்டுக் காற்று. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தோம், சில சமயம் அவள் பொறுக்கிய அரிசியிலேயே கல்லைத் திரும்பக் கலந்து பொறுக்குவதைப் பார்த்தும்கூட வாயைத் திறக்கவில்லை.

மாரிச்செல்விக்கு ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. தாய்மாமன்தான் மாலை போட்டுக் கையைப் பிடித்துப் பெண்ணை மணவறைக்குக் கூட்டிவர வேண்டும். செண்பகவல்லி மறுபடியும் சித்தி மகனுக்கே சொல்லிவிட்டாள். உச்சிமாகாளிக்கு இது தெரிந்த அன்று, எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் கரண்டு ஊற்றி முடித்த பிறகும் போகாமல், வண்டியைத் துடைத்துக்கொண்டே நின்றான். துடைத்த இடத்தையே துடைத்தான்.

ஆடி பிறந்தது. கணவாயில் காற்று ஆளைத் தூக்குகிற மாதம் அது. அந்த ஆடியில் காற்று வரவில்லை. காற்றாடிகள் கையை விரித்துக்கொண்டு சும்மா நின்றன. ஆபீசர்கள் ஏறிப் பார்த்து, எண்ணெய் போட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, காற்றுதான் இல்லை என்று உள்ளதைச் சொன்னார்கள். பிறந்ததிலிருந்து அந்த இரைச்சலில் தூங்கிப் பழகிய கணவாய்ப்புதூர்க்காரர்கள் தூக்கம் வராமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். வண்டிகள் பாதிக் கரண்டோடு வந்தன, பிறகு கால் கரண்டோடு வந்தன. எங்கள் பல்புகளிலிருந்து வந்த காற்று காய்ச்சல்காரன் விடுகிற மூச்சைப்போல இளைத்துப்போய், சூடாக, விட்டுவிட்டு வந்தது. தெருவைத் தாண்டி எதிர்ப்படி வரைக்கும் அது எட்டவில்லை. செண்பகவல்லி முறத்தோடு உட்கார்ந்தே இருந்தாள், நெற்றி முடி அசையவில்லை.

ஒருநாள் உச்சிமாகாளி வந்து வயரை இறக்காமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். தெரு கூடிவிட்டது. இன்றைக்கு இருக்கிறதை ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போகிறேன், நாளையிலிருந்து வண்டி வராது, நிறுத்தச் சொல்லிவிட்டார்கள் என்றான். கம்பி எப்போது வரும் என்று யாரோ கேட்டார்கள். அவன் கண் கொட்டாங்கச்சி மேலேயே இருந்தது. வண்டி வராவிட்டால் அந்தத் தெருவுக்குள் நுழைய அவனுக்கு வேறு காரணமே கிடையாது, அதுதான் அவன் கஷ்டம், கரண்டு அல்ல.

அப்போது படியில் இருந்த செண்பகவல்லி, தம்பியைப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்துச் சொன்னாள்:

"அந்த வண்டி திரும்பிப் போகையில என்னத்தக் கொண்டுட்டுப் போவுதுன்னு கேளுங்க."

வெள்ளைப்பாண்டி நாலு எட்டு வைத்து மச்சினனிடம் வந்து, என்னத்தைக் கொண்டுபோகிறாய் என்று கேட்கிறாள் என்றார்.

"ஒண்ணுமில்ல அத்தான். காலியாத்தான் போவுது."

அவர் திரும்பி நடந்து, காலியாகத்தான் போகிறதாம் என்று பெண்டாட்டியிடம் சொன்னார். எல்லோர் காதிலும் விழுந்ததுதான், ஆனாலும் அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார். செண்பகவல்லி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"சீர் வந்த பாத்திரத்த வெறுமனே திருப்பி அனுப்புவாகளா யாராச்சும்?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டாள். "ஒரு ஊருக் காத்த அள்ளி அள்ளித் தின்னுபுட்டு, வந்த வண்டிய வழிச்சித் தொடச்சி அனுப்பியிருக்கீக. அதுக்கு மனசு வருமா, திரும்ப வர?"

எங்களுக்குச் சுருக்கென்றது. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால்கூட அந்தக் கிண்ணத்தில் நாலு வெல்லத்துண்டோ ஒரு பிடி அரிசியோ போடாமல் திருப்பித் தருகிற வழக்கம் எங்கள் ஊரில் எவருக்கும் இல்லை, மருமகள் மறந்தால் மாமியார் ஒரு மாசத்துக்குச் சொல்லிக்காட்டுவாள். அப்படிப்பட்ட நாங்கள், வருகிறது கரண்டுதானே, வண்டிதானே என்று, ஒருநாள்கூட அந்தப் பாத்திரத்தில் எதையும் போட்டதில்லை. கணவாயில் இருக்கிற காற்று ஒவ்வொரு நாளும் வெறும் பாத்திரம் திரும்பி வருவதைப் பார்த்திருக்கிறது. நாங்களாக இருந்தாலும் கோபித்துக்கொண்டுதான் இருப்போம்.

உடனே ஆளாளுக்கு வீட்டுக்குள் ஓடப் பார்த்தார்கள். ராமலக்குமிதான் தடுத்தாள். நம் வீட்டில் இருக்கிறதெல்லாம் அவன் கொடுத்த கரண்டு, அதையே எடுத்து அவன் வண்டியில் போட்டால் சீரைத் திருப்பி அனுப்பினதாக ஆகிவிடாதா என்றாள். அவள் செண்பகவல்லியை மனதில் வைத்துச் சொல்லவில்லை, ஆனால் சொன்ன பிறகு தெருவே செண்பகவல்லி வீட்டுக் கூரையைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் ஊரில் சொந்தக் கரண்டு இருந்தது ஒரே ஒரு வீட்டில்தான்.

செண்பகவல்லியின் முகம் என்னவோ போல ஆனது. பிறகு மெதுவாக, யாரையும் பார்க்காமல் பேசினாள்.

"வெறும் பாத்திரத்த அனுப்புனவுகளச் சொல்லுதேன். நெறஞ்ச பாத்திரத்தயே திருப்பி விட்டவ நான்."

வாசல் பெட்டியிலிருந்த சணலை அவிழ்க்கப் பார்த்தாள், முடிச்சு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து இழுத்தாள். கொட்டாங்கச்சி உருண்டு தெருவில் விழுந்தது. உச்சிமாகாளி இறங்கி வந்து வயரைச் சொருகினான். அந்த வீட்டுச் சோலார் தட்டு அன்று பகல் முழுக்கச் சேர்த்திருந்த உச்சி மத்தியானம் கொஞ்சம் கொஞ்சமாக வண்டிக்குள் இறங்கியது. அதிகமில்லை, ஒரு பிடி இருக்கும். வண்டியில் அளவு காட்டுகிற முள் லேசாக அசைந்ததோடு சரி. வழக்கத்துக்கு ஒரு பிடி போதும்.

அவன் ஏறி உட்கார்ந்தான், ஆனால் கிளப்பவில்லை. அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அக்காளிடம் நேராகக் கேட்டான்.

"எக்கா, பாதி வழியில நின்னுபோச்சுன்னா?"

"தள்ளிக்கிட்டுப் போ," என்றாள். "திரும்பி வரையிலயும் நின்னா தள்ளிக்கிட்டு வா. எந்நேரமானாலும் வா."

அன்று அவன் போன கதையை அவனே சொல்லிக் கேட்டிருக்கிறோம், கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். மத்தியானம் சிந்திவிடக் கூடாது என்று பள்ளம் மேடு பார்த்து உருட்டிக்கொண்டு போனானாம், அவன் போன ரோட்டின் இரண்டு பக்கமும் அந்தி நேரத்தில் சூரியகாந்திகள் வண்டி போகிற பக்கமாகத் தலையைத் திருப்பினவாம். கணவாய்ப்புதூரில் அந்தச் சூட்டை இறக்கியபோது ஊர் முழுக்க ஒரு நிமிஷம் மிளகாய் வற்றல் வாசம் அடித்ததாம், எல்லோரும் தும்மினார்களாம். மலைக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்த காற்று, யார் வந்திருப்பது என்று எட்டிப் பார்க்கிற மாதிரி முதலில் ஓர் இலையை மட்டும் அசைத்ததாம். பிறகு ஒரு காற்றாடி முனகியது. பிறகு அடுத்தது. அவன் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும், மறுநாள் வண்டிகள் நிறைந்து வந்தது மட்டும் நாங்கள் கண்ணால் பார்த்தது. அன்றைக்குச் செண்பகவல்லியின் வீட்டில் முதல்முறையாக அவன் கரண்டில் பல்பு எரிந்தது. அவள் அதற்கு அடியில் போய் நின்றாள், தலைமுடி அவிழ்ந்து பறந்தது. வெள்ளைப்பாண்டி ஆட்டைத் தேடப் போகவில்லை.

அதன் பிறகு எங்கள் ஊரில் ஆளாளுக்குக் கூரைமேல் தட்டு வைத்தோம். எந்த வண்டியும் வெறுமனே திரும்புவதில்லை என்று ஆனது. கரிசல் வெயில் மேற்கே போனது, மலைக்காற்று கிழக்கே வந்தது, நடுவில் ரோடு ஓய்வில்லாமல் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தது.

கல்யாணத்தன்று சித்தி மகன் தன் பவுசு போய்விட்டதே என்று வருத்தத்தோடு, ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று வேட்டி மடிப்புக் கலையாமல் பந்தலின் ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் நின்றது நல்லதோ என்று எங்களுக்குத் தோன்ற ஆரம்பித்தது, ஏனென்றால் உச்சிமாகாளி வரவில்லை. விடிந்ததும் கிளம்பிவிட்டான் என்று தகவல். வெயில் ஏறியது. மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முகூர்த்தம் முடியப்போகிறது என்று பெரியவர்கள் சொன்னார்கள், ஒருவர் சித்தி மகனைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். அதே ரோடு, அதே ஆள், அதே வண்டி.

செண்பகவல்லி மகளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"நேரம் போனா அடுத்த நேரம் வரும்," என்றாள். "ஒருக்க நேரத்தப் பாத்து ஆளத் தொலச்சேன். எந் தம்பி வரணும்."

மாப்பிள்ளை வீட்டார் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்கள். முகூர்த்தம் போயே போய்விட்டது. பந்தலில் எரிந்த பல்புகள் எல்லாம் மெதுவாக, தாலாட்டுகிற மாதிரி வீசிக்கொண்டிருந்தன, மாலையில் ஒரு பூக்கூட வாடவில்லை, சமையல்காரர்கள்கூட உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்கள். மொட்டைமாடியில் நின்றவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். வெகு தூரத்தில், கானல் மேல் மிதக்கிற மாதிரி, ஒரு ஆட்டோ வந்துகொண்டிருந்தது. அதை ஓட்டிக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, பின்னாலிருந்து ஒருவன் தள்ளிக்கொண்டு வந்தான்.

இந்தத் தடவை நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. பந்தலே எழுந்து ஓடியது, பட்டு வேட்டியோடு மாப்பிள்ளையும் ஓடினார், சித்தி மகன் எல்லோருக்கும் முன்னால் ஓடிப் போய்த் தோள் கொடுத்துத் தள்ளினார். தள்ளிக்கொண்டு வரும்போதே உச்சிமாகாளி மூச்சிரைக்கச் சொன்னான். அந்தப் பொட்டல் ரோட்டில் ஒருவன், முன்பின் தெரியாதவன், சீர்த்தட்டு அடுக்கிய வண்டியோடு சார்ஜ் இல்லாமல் நின்று அழுதுகொண்டிருந்தானாம். அக்காள் மகள் சடங்காம். அவன் போகவேண்டிய தூரம் அதிகமாம். தன் வண்டியில் இருந்த கரண்டை எல்லாம் அவன் வண்டிக்கு ஊற்றிவிட்டு இவன் தள்ள ஆரம்பித்திருக்கிறான்.

வாசலில் வந்து நின்றதும் இதையெல்லாம் அக்காளிடம் மறுபடி சொல்ல வாயைத் திறந்தான். அவள் ஏன் நேரமானது என்று கேட்கவே இல்லை. முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், சின்னப் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி காதுக்குப் பின்னாலும் துடைத்தாள். பிறகு வெறுமையாக நின்ற அவன் வண்டியிலிருந்து வயரை இழுத்துக்கொண்டு வந்து, வாசல் பெட்டியில் தன் கையாலேயே சொருகினாள்.

"நீ போயி மாலையப் போடுலே," என்றாள். "அது பாட்டுக்கு ரொம்பட்டும்."